ஆறு அட்டைகள்

புர்க்டோர்ஃப், தபால் நிலையத்துக்கு மேலே இரண்டாம் மாடி.
லூத்தி அம்மையார் மேசையில் ஆறு அட்டைகளைப் பரப்புகிறார்.
ஆறிலும் ஒரே ஆள்.
சிரிக்கிறான். அழப்போகிறான். பல்லைக் கடிக்கிறான்.
விழி பிதுங்க நிற்கிறான். மூக்கைச் சுளிக்கிறான்.
ஆறாவதில் வாய் பிளந்திருக்கிறான்.

"இவருக்கு என்ன செய்கிறது, ஆரபி?"

என் மகள் அட்டைகளைத் தொடவில்லை.
மேசை விளிம்பில் நாடியை வைத்து
ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்த் திரும்பி வருகிறாள்.
வெளியே எம்மே ஆற்றுப் பக்கமிருந்து ஏறிய பனிமூட்டம்
கோட்டையை இடுப்புவரை விழுங்கிவிட்டது.

பிறகு ஜெர்மன் மொழியில், ஒவ்வொரு சொல்லாக:
"எல்லாவற்றிலும் இரண்டாவது பொத்தானில் நூல் பிரிந்திருக்கிறது.
இது ஒரே நாள்.
ஒரே நாளில் ஆறு முறை செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.
அவருக்குக் களைப்பு."

களைப்புக்கு அட்டை இல்லை.
லூத்தி அம்மையார் படிவத்தில்
எதையோ எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறார்.
ஆறுக்குப் பூச்சியம் போட இவ்வளவு நேரம் எடுக்காது.

*

எங்கள் மொழியும் லேசுப்பட்டதில்லை.
"முகம் வாடிக் கிடக்கு" என்றேன் ஒருநாள்
அவளுடைய அப்பாவைப் பார்த்து.
பூச்சாடிக்குத் தெளிக்கும் போத்தலோடு ஓடிவந்து
அவர் முகத்தில் இரண்டு தரம் அடித்தாள்.
மூக்குக்கண்ணாடி சொட்டச் சொட்ட
மனிதர் அப்படியே நின்றார்.

"மூஞ்சியைத் தூக்கி வைச்சிருக்காதை" என்று
தங்கச்சி தொலைபேசியில் யாரையோ ஏசியபோது
"எங்கை வைக்கிறது?" என்று கேட்டாள்,
துளி கேலியில்லாமல்,
அலுமாரித் தட்டுகளை அண்ணாந்து பார்த்தபடி.

அகத்தின் அழகு முகத்தில் தெரியுமாம்.
யாருக்கு?

*

எனக்குத் தெரியும். தெரிந்தே ஆகவேண்டியிருந்தது.
பதினேழு வயதில், ஓமந்தைச் சோதனைச் சாவடியில்,
என் அடையாள அட்டையை வாங்கியவனின்
கீழுதட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அது அசையாவிட்டால் நடக்கலாம்.

அந்தப் படிப்பைக் கட்டிக்கொண்டுதான் இங்கே வந்தேன்.
இங்கே அந்தக் காசு செல்லவில்லை.
வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒரு பெண்
கன்னம் குழியச் சிரித்து உறையை நீட்டினாள்.
வீட்டுக்கு வந்து, அகராதியைப் புரட்டி,
"நிராகரிக்கப்படுகிறது" என்ற சொல்லைக் கண்டுபிடிக்கும்வரை
நான் சந்தோஷமாக இருந்தேன்.
பேருந்தில் ஒரு நாய்க்குக்கூட வணக்கம் சொல்லியிருந்தேன்.

என்னை யாரும் அட்டை காட்டிச் சோதிக்கவில்லை.

*

படிவத்தில் தாய்க்கென்று ஒரு கேள்வி பாக்கி:
பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசுமா?
எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை.
மூன்று பெட்டிகள். பேனா கையில் இருக்கிறது.
நேற்றுப் பின்னேரத்தை எந்தப் பெட்டியில் போடுவது?

முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில்
மார்கழியோடு ஆட்களைக் குறைக்கிறார்கள்.
பட்டியலில் என் பெயர் இரண்டாவது.
வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று
முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன்.
நன்றாகத்தான் வந்திருக்கவேண்டும்.
"என்ன, இண்டைக்கு நல்ல சந்தோஷம்?" என்றார் இவர்.

ஆரபி தரையில் குப்புறக் கிடந்து
பழைய ரசீதுகளை நீளவாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.
தலை நிமிரவில்லை.
"அம்மா இடது சப்பாத்தை முதல் கழட்டினவா.
எப்பவும் வலதுதான்.
சாவியும் கொக்கியிலை சத்தம் போடேல்லை."

வேறொன்றும் கேட்கவில்லை.
எழுந்து போய்
அந்தத் தெளிக்கும் போத்தலை எடுத்துவந்து
என் காலடியில் வைத்தாள்.
ரசீதுகளிடம் திரும்பிப் போய்விட்டாள்.

இவர் என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார்.
நானே ஒரு தரம் அடித்துக்கொண்டேன்.
தண்ணீர் நல்ல குளிர்.