நாற்பத்திரண்டாம் கேள்வி

புதுவயல் பஸ்ஸிலிருந்து இறங்கி
எடைமேடை மீதே நடந்து வந்தாள்
ஆய்வு மாணவி இன்பக்கனி.
திரையில் ஐம்பது கிலோ விழுந்தது.
அவளுக்குத் தெரியாது.

சிறு, நடுத்தர நிறுவனங்கள்
மேகக் கணினிக்கு மாறுவதைத்
தீர்மானிக்கும் காரணிகள்.
நாற்பத்திரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்.
முற்றிலும் மறுக்கிறேன் தொடங்கி
முற்றிலும் ஏற்கிறேன் வரை.

வயிரவன் முதலாளி தாளைத் திருப்பிப் பார்த்தார்.
"லூர்து, நீயே போட்டுரு. நெல் லாரி நிக்குது."

செலவைப் பற்றி ஏழு.
மாதம் மூவாயிரம் என்றால்
மில்லின் பாஷையில் இரண்டு சிப்பம் பொன்னி.
நடுக் கட்டத்தில் போட்டேன்.
இணைய வசதி எப்படி?
பள்ளத்தூர் ரோட்டில் பள்ளம் தோண்டினால்
இங்கே பில் நிற்கும்.
அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதினேன்.

உங்கள் தரவு வெளியார் கையில் இருப்பது
அச்சம் தருகிறதா?
இப்போது யார் கையில் இருக்கிறது என்று
அழைத்துப் போய்க் காட்டினேன்.
திருநீற்றுப் பட்டை போட்ட சிபியு.
உமித்தூசி அடைத்த விசிறி.
எலி கடித்த வயருக்குப் பச்சை டேப்.
போன ஐப்பசியில் ஒரு காலை கிர்ரென்றது,
பிறகு ஒன்றுமே சொல்லவில்லை.
எழுபது நாள் கொள்முதல்.
எடைச்சீட்டு, டிரைவர்களின் ஞாபகம்,
புரோக்கர் சீனிமுகமதுவின் சிகரெட் அட்டைக் குறிப்பு
எல்லாம் சேர்த்துப் பதினெட்டு ராத்திரி
திரும்ப ஏற்றினேன்.
முடித்ததும் முதலாளி வாங்கித் தந்தது
இன்னொரு சிபியு,
ஒரு எலிப்பொறி.

"இதுக்கு அப்புறமும் மாறலையா?"
அவர் சொல்வதையே சொன்னேன்:
மழை மேகத்தையே நம்பாத சீமை இது,
அதனால்தான் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டிவைத்தார்கள்.
மகிழ்ந்துபோய்க் குறித்துக்கொண்டாள்,
பண்பாட்டுக் காரணி என்று,
அடிக்கோடு வேறு.
பொய் இல்லை அது.
பதிலும் இல்லை.

ஆடிட்டர் நச்சரிக்கிறார்.
பாங்க் மேனேஜர் கேட்டாயிற்று.
எதிர் மில் மெய்யப்பன் டீக்கடையில் நின்றபடியே
போனில் சரக்கிருப்பு காட்டுகிறான்.
எல்லாவற்றுக்கும் முற்றிலும் ஏற்கிறேன் போட்டேன்,
மில் அப்படியே இருக்கிறது.

உயர் நிர்வாகத்தின் ஆதரவு உண்டா?
உயர் நிர்வாகம் இரண்டு பேர்.
ஒருவர் வாசலில் நெல்லைப் பல்லில் கடித்து
ஈரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
மற்றவர் அவர் தங்கை சிகப்பி, பினாங்கில்,
பாதிப் பங்கு.
வருஷத்துக்கு ஒரு பக்கம் வரவு செலவு
அவருக்குப் போகும்.
போன் பேசும்போதெல்லாம் கேட்பார்,
"நானும் இங்கேருந்து பாக்கிற மாதிரி
ஒரு பாஸ்வேர்டு குடுங்களேண்ணே."
அண்ணனுக்கு அப்போதுதான்
சிக்னல் போகும்.

நாற்பத்திரண்டு:
வேறு ஏதேனும் காரணம்?
இரண்டு வரி காலி.

பின்கட்டில் தவிட்டு லாரி
ஏற்றிக்கொண்டிருந்தது.
அதற்கு பில் கிடையாது.
இழுப்பறையில் நாற்பது பக்க நோட்டு.
பிள்ளையார் சுழி போடுவதும் நான்தான்,
வெள்ளிக்கிழமைதோறும் சகாய மாதா கோவிலுக்குப் போகும் நான்.
ஒன்பது வருஷமாக என் கையெழுத்து.
என் மகனின் பாலிடெக்னிக் பணம்
அந்த நோட்டிலிருந்து வந்தது.
முதலாளி திருப்பிக் கேட்டதில்லை.
நானும் எதையும் கேட்டதில்லை.

பேனா கொஞ்ச நேரம் நின்றது.
ஒரு சொல் எழுதினேன்:
தவிடு.

அவள் படித்தாள், மறுபடி படித்தாள்.
"அக்கா, இதை எந்தக் காரணியில சேக்கிறது?"

வெளியே லாரி எடைமேடையில் ஏறியது.
பத்து டன் நானூற்றிருபது.
முதலாளி ஜன்னல் வழியே என்னைப் பார்த்தார்.
கம்ப்யூட்டரைத் தொடாமல்
இழுப்பறையைத் திறந்தேன்.