உடைசல் கணக்கு

கோத்தகிரியில் எங்கள் விடுதிக்கு
கண்ணாடி டம்ளர் பார்த்து எடுக்க
முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார்.
மேனேஜருக்கு விலை தெரியும்.
மாஸ்டருக்கு அளவு தெரியும்.
எங்கே உடையும் என்பது
கழுவுகிறவளுக்குத்தான் தெரியும்.

கோயம்புத்தூர் ஜமாலுதீன்
ஒரு டம்ளரைத் தரையில் நழுவவிட்டார்.
ரப்பர் பந்து போல் எம்பி
மேசைக் காலடியில் உருண்டு நின்றது.
"பாத்தீங்களாக்கா."
இன்னொரு தடவை, என்றேன்.
இன்னும் ஒரு தடவை.
மூன்றாவதில் போயிற்று.
கல்லுப்பைக் கொட்டியது போல் குறுணை,
கூர்ச்சில்லு ஒன்றில்லை.
"கையைக் கிழிக்காது பாருங்க" என்றார்,
மார்கழிக் குளிரில்
நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

என் கை உள்ளே போகாத டம்ளர் வேண்டாம்,
அடியில் தேயிலைக் கறை தங்கிவிடும்.
ஒன்றுக்குள் ஒன்று இறங்கிக் கவ்விக்கொள்கிற இனமும் வேண்டாம்,
பிரிக்கப் போய்த்தான் பாதி சாகும்.
தங்க வளையம் போட்டது
மூன்றே மாதத்தில் வடிகாலுக்கு வளையம் போட்டுவிடும்.
விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டினேன்.
உதடு படும் இடம் அது,
கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

நாற்பத்தெட்டு வந்தது,
வைக்கோல் வாசனையோடு.

இந்த ஊரில் விடியற்காலை அலமாரி டம்ளர்
ஓடைக் கல்லுக்குச் சமம்.
கொதிக்கும் டீயை நேரே ஊற்றாதே,
வெந்நீரில் ஒரு முறை அலசு,
பிறகு ஊற்று என்று
அரவேணுவிலிருந்து வருகிற போஜனிடம்
எழுபது தடவையாவது சொல்லியிருப்பேன்.
துணிமேல் கவிழ்க்காதே,
மூடுபனி உள்ளே குடியேறிவிடும்,
குடிக்கிறவனுக்கு ஈரச்சாக்கு நாற்றமடிக்கும்.
கம்பித் தட்டில் கவிழ், கீழே காற்று ஓடட்டும்.
துடைக்க, துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி.
துருக்கித் துண்டு நூல் விடும்.
உதட்டுச்சாயத்துக்கு உப்பு.
முட்டை அடித்த டம்ளர் தனி வாளியில்.

உடைசல் நோட்டில் ஒரு பத்தி எண்ணிக்கை,
ஒரு பத்தி காரணம்:
கல்யாண கோஷ்டி, ஆறு.
ஐந்தாம் நம்பர் அறை, சண்டை, இரண்டு.
ஜன்னல் வழியாகக் குரங்கு, ஒன்று
(எலுமிச்சைத் தோலோடு எடுத்துப் போனது).

தை பிறந்த வாரம், உறைபனி.
இரவு இரண்டு மணிக்கு
பூட்டிய அறையில், அலமாரியில்,
யாரும் தொடாமல்
ஒரு டம்ளர் வெடித்தது.
பட்டாசு என்று நினைத்து நாய் குரைத்தது.
தட்டில் ஒரு வட்டமாகக் குறுணை,
பக்கத்து டம்ளர்கள்
ஒன்றும் தெரியாதவை போல்.

"நைட் டூட்டி போஜன்தானே,
சம்பளத்தில் பிடித்துக்கொள்" என்றார் மேனேஜர்.
போஜன் தரையைப் பார்த்தான்,
முன்பே பல தடவை பிடிபட்டவன்
பார்க்கிற மாதிரி.

மார்கழியில் ஒரு நாள்
கூட்டம் அதிகம், கை விறைத்திருந்தது.
குழாய் மூக்கில் ஒன்று மோதியது.
தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.
நகக்கீறல் அளவு, வயிற்றுப் பக்கம்.
துடைத்தேன்.
கீறல் சுவர்ப்பக்கம் இருக்கும்படி
திருப்பி வைத்தேன்.
மூன்று வாரமாக
அந்த வரிசையிலிருந்து நான் டம்ளர் எடுக்கவில்லை.

நோட்டை வாங்கி எழுதினேன்:
டம்ளர் ஒன்று. குழாய். டிசம்பர் பத்தொன்பது.
பெயர் இடத்தில் என் பெயர்.
மேனேஜர் தேதியை இரண்டு முறை படித்தார்,
உடைந்தது நேற்றுத்தானே என்றார்.
எண்பத்தைந்து ரூபாய் என்று மட்டும் சொன்னேன்.

போஜன் அன்று டம்ளர்களை
கேட்காமலே வெந்நீரில் அலசினான்.
ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

மாதக் கடைசியில் ஜமாலுதீன் போன் செய்தார்.
"சரக்கு எப்படிக்கா இருக்கு?"
நல்லாத்தான் இருக்கு.
சத்தம் மட்டும்
கொஞ்சம் தாமதமா வருது.