செங்கல்

ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி.
தார்ப்பாய் விரித்துப் பழைய ரிமோட் விற்கும் நூருல் அமீன்
ஆயிரத்து நானூறு சொன்னான்.
தொள்ளாயிரத்துக்கு இறங்கும்வரை
நான் அதைத் தொடவே இல்லை.
கறுப்பு பிஎஸ்பி. திரையின் இடது மூலையில் கீறல்.
பின்மூடி கிடையாது. பேட்டரி
பூரி மாதிரி உப்பியிருந்தது.
“ஆன் ஆகும். ஆனா பிரெஞ்சுதான் பேசும்.”

பேசட்டும். பள்ளிக்கூடத்தில் நான்
பிரெஞ்சில் நாற்பத்தொன்று எடுத்தவள்.

மெமரி கார்டில் யாரோ விட்டுப்போன ஆட்டம்.
பெயர் ரெமி. அறுபத்திரண்டு மணி பதினான்கு நிமிடம்.
கடைசி அரக்கனின் கதவு வரைக்கும் வந்து
சேமித்துவிட்டு எங்கே எழுந்து போனான்?
சாப்பிடக் கூப்பிட்டார்களா,
விமானத்துக்கு நேரமாகிவிட்டதா,
இல்லை, பதினாறு வயது முடிந்துவிட்டதா?

வேறு எதைப் போட்டாலும் எந்திரம் மறுத்தது.
கம்பெனியின் கையெழுத்து இல்லாததை
உள்ளே விடாதாம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில்
ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.
இரண்டாம் சாட்சியின் ஒப்பம் இல்லை,
மூன்றாம் பக்கத்தில் இனிஷியல் இல்லை,
வரைபடத்தில் முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறது
என்று திரும்பி வருகிறவர்களுக்கு
பக்கம் இரண்டு ரூபாய்க்கு மறுபடி எடுத்துக் கொடுக்கிறேன்.
திருக்கனூரிலிருந்து ஒரு அம்மாள் ஆறு தடவை வந்தாள்.
ஆறாவது தடவை அலுவலருக்கு விடுப்பு.

இதை மாற்றி எழுதலாம் என்றான் மதியழகன்,
கடைக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வருகிறவன்.
“கேள்வி கேக்குறத நிறுத்த முடியாதுக்கா.
பதில முன்னாடியே எழுதி வச்சிரலாம்.
யாரு வந்தாலும், ஆமா, நம்ம ஆளுதான்னு சொல்லிரும்.”
பிறகு குரலைத் தாழ்த்தினான்.
“நடுவுல கரண்டு போச்சுன்னா செங்கல்.”

செங்கல்னா?

“செங்கல்தான். கதவு சாத்தாம இருக்க
முட்டுக் குடுக்கலாம்.”

முதலில் ரெமியைப் பென்டிரைவில் ஏற்றி
அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.
புது பேட்டரி வாங்கினேன். சார்ஜரைச் செருகினேன்.
முத்தியால்பேட்டை, இரவு பதினொன்றே கால்.
தேவசகாயத்துக்கு மேட்டுப்பாளையத்தில் நைட் ஷிஃப்ட்.
கேட்பதற்கு ஆளில்லை.

‘மீஸ் அ ழூர்’ என்றது திரை.
நாளுக்கு நேராகக் கொண்டுவந்து வைப்பது,
வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் வரும்.
அணைக்காதீர்கள் என்றது அடுத்த வரி.
முப்பது. நாற்பத்திரண்டு. அறுபது.
எழுபத்தொன்றில் மின்விசிறி நின்றது.

தெரு முழுக்க ஒரே குரலில் “ஏய்” என்றது.
எதிர்வீட்டு இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தியது.
சார்ஜர் விளக்கு போய்விட்டது.
மிச்சம் இருப்பது பேட்டரி, அதுவும்
எப்போது பார்த்தாலும் நூறு காட்டுகிற போலி.
ஒரு கொசு முழங்கையில் உட்கார்ந்து
நிதானமாகக் குடித்துவிட்டுப் போனது.
நான் அசையவில்லை.
எழுபத்தொன்று.
எழுபத்தொன்று.
பரீட்சையில் மதாம் செலஸ்தீன்
தாளைப் பிடுங்க வந்து நின்ற நிமிடம்கூட
இவ்வளவு நீளமில்லை.
எழுபத்திரண்டு.

பிறகு மளமளவென்று நூறு.
பிறகு திரை கறுத்தது.
என் முகம் தெரிந்தது அதில், கீறலோடு.
செங்கல், என்று சொல்லிப் பார்த்தேன்.
சொன்ன வாயை மூடுமுன்
நீலமாக ஓர் அலை எழும்பி
சுவர் வரைக்கும் வெளிச்சம் போட்டது.

இனி என்ன வேண்டுமானாலும் போடலாம்.
மதியழகன் கொடுத்த நாற்பது ஆட்டங்கள் காத்திருந்தன.
நான் இருட்டில் தடவி
டப்பாவுக்குப் பின்னாலிருந்து பென்டிரைவை எடுத்தேன்.
கரண்டு வர ஒரு மணி ஆயிற்று.
ரெமியை அவன் விட்ட இடத்திலேயே நிறுத்தி
கதவைத் திறந்தேன்.

அரக்கனுக்கு மூன்று அடி போதுமானதாக இருந்தது.
ரெமி வீழ்ந்தான், என்று பிரெஞ்சில் எழுதிற்று.
மன்னித்துக்கொள் தம்பி.
தோற்றது நான்,
பதிவு உன் பெயரில்.
காலையில் ஒன்பது மணிக்குக் கடை திறக்க வேண்டும்,
தோனர் வேறு தீர்ந்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு தடவை.