கணவாய்த் தட்டில் ஒரு கேக்

வேலைநிறுத்தம், ஒன்பதாம் நாள்.
விசைப்படகுகள் கயிற்றில் நின்று
ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கின்றன.
பிரகாசி விடியுமுன்னே பாசிக்குப் போய்விட்டாள்,
பத்து விரலிலும் துணி சுற்றிக்கொண்டு.

இன்று அவளுக்குப் பிறந்தநாள்.
ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது.
பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் கேட்க,
"வாளை அள்ளிக் குவிச்ச வருசம்" என்றாராம் மாமா.
மீதியை வாத்தியாரே போட்டுக்கொண்டார்.

வழி சொன்னது மண்டபம் முகாமில் தவமலர் அக்கா.
"ஈசியான கேக், தம்பி. கனக்க அடிக்கத் தேவையில்லை.
பட்டரும் தண்ணியும் கொதிக்கேக்க மாவில ஊத்து.
கறுவாவை மட்டும் தூளா வாங்காதை, இடிச்சுப் போடு."
கறுவா என்று அவர் சொல்லும்போது
அந்தச் சொல் கொஞ்சநேரம் வாயிலேயே நிற்கிறது.
எங்களுக்கு அது பட்டை.
பிரியாணியில் கிடந்தால்
இலை ஓரத்தில் ஒதுக்கிவைக்கிற கட்டை.

பத்து ரூபாய்க்கு வாங்கி
நங்கூரக் கல்லில் வைத்துத் தட்டினேன்.
பக்கத்து வீட்டுக் கருவாடு
ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டது.

நீளத் தட்டுக்கு எங்கே போவது?
கம்பெனி வாட்ச்மேன் பவுல்துரை கொடுத்தான்,
கணவாய் உறையவைக்கும் அலுமினியத் தட்டு.
புளி போட்டு மூன்று முறை, சீயக்காய் போட்டு ஒரு முறை
தேய்த்தும் நம்பிக்கை வரவில்லை.
எலுமிச்சைத் தோலால் இன்னொரு முறை.

மைதா, சீனி, பட்டை, சோடா உப்பு.
கொதித்த வெண்ணெய் (பாதி டால்டா, சொல்ல வேண்டாம்).
தயிரும் இரண்டு முட்டையும் விழுந்ததும்
மாவு ஈரமண் நிறத்துக்கு வந்தது.
அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு
தெற்குவாடியிலிருந்து சீனி மரைக்காயர் பேக்கரிவரை
நடந்தேன். காற்று தெற்கே தள்ளியது,
மாவு வடக்கே போனது.
"என்னப்பா, கடலுக்குப் போகாம
கடலைத் தூக்கிட்டு வர்ற?" என்றார்.
பன் இறங்கிய சூட்டில் இருபது நிமிடம்.

வெந்து வந்தது, ஒரு பக்கம் சாய்ந்து,
தரை தட்டிய வள்ளம்போல.
ஒரு ஓரம் மூன்று விரல் உயரம்,
மறு ஓரம் அப்பளம்.
சூடு ஆறுமுன்னே க்ரீம் ஊற்றணும்.
வெண்ணெய், பால், மிக்சியில் பொடித்த சீனி,
அதிலும் ஒரு சிட்டிகை பட்டை.
உயரத்திலிருந்து பள்ளத்துக்கு அது தானாகவே ஓடி
அப்பளப் பக்கத்தில் குளமாய்த் தேங்கியது.
சரி, அதுவும் ஒரு நியாயம்தான்.

மூன்று மணிக்கு வந்தாள்.
கண்ணாடி அழுத்திய தடம் இன்னும் நெற்றியில்.
துணியை அவிழ்க்காமலே தட்டைப் பார்த்தாள்.
"இது கம்பெனி சாமான்ல?"

அடிஸ்கேல் வைத்து வெட்டினேன்.
ஆளுக்கொரு பங்கு, தவமலர் அக்காவுக்கு, வாட்ச்மேனுக்கு,
பேக்கரிக்கு இரண்டு.
பழக்கத்தில், படகுக்கும் ஒன்று ஒதுக்கினேன்.
"போட்டுக்குப் பங்கு கிடையாது,
அது ஸ்ட்ரைக்ல கெடக்கு" என்று
அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

பள்ளத்துப் பக்கமாய்த்தான் தின்றாள்.
விரல்நுனியில் உணர்ச்சி இல்லையாம்,
க்ரீமைப் புறங்கையால் வழித்தாள்.
"உப்பு பத்தல" என்றாள்.
கொஞ்சநேரம் கழித்து,
"ஆதாரில தேதி தப்புன்னு சொல்லிட்டு அலைஞ்சேன்.
இருந்துட்டுப் போகட்டும்."

ராத்திரி தட்டைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
பவுல்துரை டார்ச் அடித்து முகர்ந்து பார்த்தான்.
போகவில்லை.
வேலைநிறுத்தம் என்றைக்கு முடிகிறதோ,
அன்றைக்கு ஒரு பெட்டிக் கணவாய்
கறுவா மணத்தோடு கப்பலேறும்.