பசை வாளி

மரகாய்போ ஏரியில் அன்று முப்பத்தொன்பது படகுகள்.
ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஒரு காகிதம் ஒட்ட வேண்டும்.
காகிதம் தலைநகரிலிருந்து வந்தது.
பசை காய்ச்சியது நான்,
யஹாய்ரா எடுத்து வைத்திருந்த மரவள்ளி மாவில்.
ரசீது கொடு, பணம் பிறகு வரும் என்றார் அதிகாரி.

எட்டாவது படகு, டோன்யா எல்வீரா.
முதலாளியின் அம்மா பெயர்.
ஓட்டுநர் நேரியோ தொப்பியைக் கழற்றவில்லை.
“இனி இது யாருடையது?”
“மக்களுடையது.”
“எந்த மக்கள்? பெயர் சொல்.
நாளைக்கு டீசலுக்கு
யாரிடம் கையெழுத்து வாங்குவது?”

மறைக்க ஒன்றுமில்லை, அன்று எனக்கும் சந்தோஷம்தான்.
இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவனுக்கு
அரை நாள் கூலி பிடித்த முதலாளி அவன்.
விரல் போன பிறகு அவன் வேலை செய்யவில்லையாம்.
துறையில் மேளம் அடித்தார்கள்.
எல்லாருக்கும் ஒரே அளவில் சிவப்புச் சட்டை.
எனக்கு முழங்கால் வரை வந்தது.

பழைய பெயரின் மேல் புதுப் பெயர் எழுதினோம்:
இறையாண்மை ஏழு.
மலிவு வெள்ளை.
இரண்டாம் மழையிலேயே
உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள் எல்வீரா.

பிறகு ஒரு சுழலித் தண்டு தேவைப்பட்டது.
செய்கிற கம்பெனி கடலுக்கு அப்பால்.
கடிதம் போட்டோம்.
முதலில் பறித்ததற்குப் பணம் என்றது பதில்.
இரண்டாம் கடிதத்துக்குப் பதிலே இல்லை.
மூன்றாவதைத் தூதரகத்தில் கொடுக்கச் சொல்லி
என்னைப் பேருந்தில் அனுப்பினார்கள், பன்னிரண்டு மணி நேரம்.
கொடியை இறக்கி,
தோட்டக்காரனுக்குக் கணக்கு முடித்து,
நாயை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.
கொழுத்த நாய்.
என் கையிலிருந்த உறையை முகர்ந்தது.

அந்த வருடம் மூட்டை கொடுத்து
முட்டை வாங்கினோம்.
மூட்டையில் இருந்தது நோட்டு.

எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றிப் போன படகு
துறையிலேயே உட்கார்ந்து
துரு குடித்தது.
தென்மேற்கே மின்னல்
இடியில்லாமல் வெட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில்
அதுவும் ஓசையில்லாமல் இறங்கிவிட்டது.
காலையில் கயிறு மட்டும் விறைப்பாக,
இன்னும் எதையோ பிடித்திருப்பதாய் நினைத்துக்கொண்டு.

நேரியோ மூச்சடக்கி இறங்கினான்.
பித்தளை வால்வுகளைக் கழற்றி வந்தான்,
தினம் ஒன்று, எடைக்கு.
என்னைப் பார்த்து ஒளியவில்லை.
“மக்களுடையது என்றாய்.
நானும் மக்கள்தானே.”

பாரிஸில் மட்டும் அது மூழ்கவில்லை.
நீள மேஜையில்,
வழக்கறிஞர்களின் தண்ணீர்க் கோப்பைகளுக்கு நடுவே
புதுப் பெயின்ட் மணக்க மிதந்தது.
பறித்த நாளின் விலை, அதற்கு மேல் வட்டி.
வட்டி குட்டி போட்டது.
இங்கே ஏரியடியில்
எல்வீராவின் இயந்திர அறையில்
கெளுத்தி மீன்கள் போட்டன.

யஹாய்ராவின் தம்பி அடெல்சோ
அரசு எண்ணெய்க் கப்பலில் சமையல்காரன்.
போன மாதம் ஏதோ ஒரு தீவுத் துறைமுகத்தில்
நீதிமன்ற ஆட்கள் ஏறிவிட்டார்கள்.
படகுக் கடனுக்குக் கப்பல்.
இறங்க விசா இல்லை,
இருக்க அரிசி இல்லை.
இரண்டு அரசுகளும் அறிக்கை விட்டன.
இரண்டிலும் இறையாண்மை இருந்தது.
அடெல்சோ எதிலும் இல்லை.

நேற்று போனில் சொன்னான்:
“மச்சான், மேல்தளக் கண்ணாடியில்
காகிதம் ஒட்டியிருக்கிறார்கள்.”
“ஒட்டியவன் எப்படி இருந்தான்?”
“சின்னப் பையன். டை கட்டியிருந்தான்.
எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.”
“பசை?”
“என்னது?”
“பசை எப்படி இருக்கிறது?”
கொஞ்ச நேரம் கடல் சத்தம்.
“நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.”

எங்களுடையது
ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.
மாவு ரசீதை யஹாய்ரா
பைபிளுக்குள் வைத்திருக்கிறாள்.
எடுத்து விரித்து, தேதியைப் பார்த்துக் கேட்கிறாள்:
பாரிஸில் இதற்கும்
வட்டி போடுவார்களா?