சத்தியக் கடதாசி

மார்க்கம் வீதியில் சீலைக் கடைக்கு மேல்மாடி.
சத்தியம் எடுக்கிற பிள்ளை
பேனையைத் திறந்துவிட்டுக் கேட்டாள்:
"எந்தத் திகதியில இருந்து, அக்கா, சேர்ந்து வாழ்ந்தீங்கள்?"

ஐஸ் மழையில் மரங்கள் முறிந்து
ஸ்காபரோ பாதிக்குக் கரண்ட் போன டிசம்பரில்
ஒரு தேர்மோஸ் தேத்தண்ணியோடும்
இரண்டு போர்வையோடும் வந்தவர்.
நாலாம் நாள் கரண்ட் வந்தது.
அவர் போகவில்லை.
எந்த நாளைப் போட?
வெளிச்சம் போன நாளையா, வந்த நாளையா?

கலியாணம் கட்டவில்லை.
ஒருதரம் கட்டி
ஒருதரம் கோட்டில் அவிழ்த்தவர்கள் இருவரும்.
"மண்டபத்துக்குக் குடுக்கிற காசில
கூரையை மாத்துவம் மலர்" என்றார் நேசன்.
மாற்றினோம்.
பாதிக் காசு என்னுடையது.
ரசீது அவர் பெயரில்.

வரித் திணைக்களத்துக்கு எங்களைத் தெரியும்.
ஏப்ரலுக்கு ஏப்ரல் அந்தப் பெட்டியில் புள்ளடி போட்டோம்.
இரண்டு சம்பளத்தையும் கூட்டிப் பார்த்து
எனக்கு வந்துகொண்டிருந்த சொற்பத்தை நிறுத்தினார்கள்.
கழிக்கிறபோது நாங்கள் ஒரு குடும்பம்.

இந்தக் கடதாசி போனால்
அவருடைய பென்சனில் ஒரு பங்கு வரும்.
வீடு வராது என்றாள் பிள்ளை,
குரலைத் தாழ்த்தி,
வருத்தக்காரர் அறையில் பேசுவதுபோல.
உயில் இல்லை.
உயில் இல்லாதவர் வீட்டுக்கு
ஒன்ராறியோவில் பதிந்த மனைவி வேண்டும்.
இல்லையென்றால் ஒஸ்லோவில் இருக்கிற தம்பி,
ஆறு வருசமாய் ஒரு போன் எடுக்காத தம்பி.
"வழக்குப் போடலாம் அக்கா. காலம் எடுக்கும்."

மரண அறிவித்தல் கொடுத்ததும் அந்தத் தம்பிதான்.
காலஞ்சென்றவர்களின் பாசமிகு மகனும்
இன்னாரின் ஆருயிர்ச் சகோதரனும்
இன்னின்னாரின் மைத்துனரும் பெரியப்பாவும்
என்று நீண்டுகொண்டே போன வாக்கியத்தில்
நான் நிற்க ஓர் 'உம்' இல்லை.
தொடர்புகளுக்கு என்ற இடத்தில் மட்டும்
எங்கள் வீட்டு நம்பர்.
வந்த அழைப்புக்கெல்லாம்
நான்தான் ஹலோ சொன்னேன்.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டு மார்வா வந்திருந்தாள்.
வேலைச் சப்பாத்தைக்கூட மாற்றாமல்.
"குப்பைத் தொட்டியை ஆர் வெளியில வைக்கிறதெண்டு
பதினொரு வருசம் சண்டை.
என் படுக்கையறைவரை கேட்கும்.
சும்மா இருக்கிற இரண்டு பேர்
அப்படிச் சண்டை பிடிப்பார்களா?"
அவள் ஆங்கிலத்தில் சொன்னது
எனக்குள் தமிழில் கேட்டது.
பிள்ளை கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு எழுதினாள்.

வெளிச்சம் போன நாளைத்தான் போட்டோம்.
வலது கையை உயர்த்தினேன்.
முத்திரை விழுந்தது. நாற்பது டொலர்.

கீழே வந்தால்
காரின் கண்ணாடியில் ஒரு மஞ்சள் தாள்.
நிறுத்தக் கூடாத இடமாம்.
கார் இன்னும் அவர் பெயரில்.
தண்டத்துக்கு மட்டும்
நீ அவருக்கு என்ன முறை என்று
ஒருவரும் கேட்பதில்லை.

அன்றைக்கே கட்டினேன்.