மூணு மில்லி

லிப்டுக்குப் பக்கத்தில் நிர்வாகம் ஒட்டிய தாள்,
மூன்று மொழிகளில்:
பதினான்கு நாளுக்குள் அஞ்சடியைக் காலி செய்யவும்.
பெயர் போடவில்லை.
எட்டாம் மாடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்
அது எனக்கென்று.

சனிக்கிழமை தார்ப்பாயை விலக்கினேன்.
பல்லி ஒன்று விலாசம் இழந்து ஓடியது.

முதலில் செருப்பு அலமாரி.
ஜெலுத்தோங் வீட்டு வாசலுக்கு அளந்தது.
அந்த வீட்டை விட்டு ஆயர் ஈத்தாம் வந்து
ஒன்பது வருஷம்.

அடுத்தது நாய்க்கூண்டு. கூரை மட்டும்.
கூரையிலிருந்து தொடங்குகிற ஆள் நான்.
மழைக்கெல்லாம் குணாளனின் மோட்டாரடியில் படுத்தே
நாய் தன் ஆயுளை முடித்துக்கொண்டது.
அது என்னைப்போல் இல்லை,
எதையும் பாதியில் விடவில்லை.

பிறகு நாற்காலி.
மூன்றாவது கால் பொருத்தியதும் குணாளன் சொன்னார்:
"இத்தோடு நிறுத்து,
முக்காலி என்று பெயர் மாற்றியாவது முடியட்டும்."
மூலைக்கொரு கால் வைத்த பலகை
பெயர் மாற்றினால் கேட்குமா?
ஒரு மூலை காற்றில் நின்றது,
அப்படியே நின்றுவிட்டது.

பாயான் லெப்பாஸில் பதினேழு வருஷம்
நுண்ணோக்கிக்கடியில்
முடியைவிட மெலிந்த கம்பிகளைப் பார்ப்பது என் வேலை.
கோணலென்றால் ஒதுக்கு, நேரென்றால் விடு.
ஒன்றுக்கு நாலு விநாடி.
எதுவும் என்னிடம் தங்கியதில்லை.
பலகைகளும் அங்கிருந்து வந்தவைதான்:
எந்தக் குளிர்நாட்டிலிருந்தோ இயந்திரம் ஏறி வந்த பெட்டிகள்.
ஆணி பிடுங்கினால்
இன்னும் பிசின் வாசம்.

எல்லாவற்றுக்கும் அடியில் மேசை.
மேல்பலகை தனியே, கால்கள் தனியே,
கழுந்து செதுக்கி, துளை எடுத்து,
ஒருமுறைகூட ஒன்றையொன்று தொடாமல்.
பலகையைப் புரட்டினால் பென்சிலில் என் கையெழுத்து:
"இங்கே மூணு மில்லி."
ஓர் அம்புக்குறி.

கூட்டவா? குறைக்கவா?
எழுதியவளைக் கேட்கலாமென்றால்
முப்பத்தெட்டு வயதில் தேத்தண்ணி கலக்க எழுந்துபோனவள்
இன்னும் திரும்பவில்லை.

காரணம் கேட்பவர்களுக்கு
ஓவர்டைம் உண்டு, முதுகுவலி உண்டு,
மாமனார் ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தது உண்டு.
எல்லாம் நிஜம். ஆனாலும்
கழுந்து துளைக்குள் இறங்கும் அந்தக் கடைசித் தட்டுவரை
அது எவ்வளவு நல்ல மேசையாகவும் இருக்கலாம்.
தட்டிவிட்டால்,
இந்த மேசைதான்.

கக் நொராய்னி வந்து நின்று பார்த்தாள்.
கார் நிறுத்துமிடத்தில் விடியற்காலை நாசி லெமாக் விற்பவள்.
பலகையை எடுத்துக்கொள்ளட்டுமா என்றாள்.
அது முடியாத மேசை என்றேன்.
சாப்பாட்டுக்கு அது தெரியாது என்றாள்.
லிப்டில் நுழையவில்லை. அவள் மகன்கள் இருவரும்
எட்டு மாடியும் படியில் இறக்கினார்கள்,
திருப்பத்துக்குத் திருப்பம்
சுவரில் கீறல் வைத்துக்கொண்டு.

இப்போது இரண்டு பெயிண்ட் டப்பாக்களின் மேல் அது கிடக்கிறது.
துணிகூட விரிக்கவில்லை.
சம்பல் எண்ணெய் மரத்தின் ரேகையில் ஊறி
நான் வாங்கி உறையவிட்ட வார்னிஷ்
எந்நாளும் தந்திருக்காத ஒரு சிவப்பு.

சும்மா இருந்திருக்கலாம்.
ஆனால் இடது மூலை சொரசொரப்பு.
ஒரு பள்ளிப்பையன் கை வைத்து எடுத்ததைப் பார்த்துவிட்டேன்.
மறுநாள் ஐந்தரைக்கு உப்புத்தாளோடு இறங்கினேன்.
கக் பொட்டலங்களை வலப்பக்கம் தள்ளிவைத்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் என்னிடம்
இரண்டு வெள்ளியை நீட்டினார்.
மரத்தூள் கையாலேயே வாங்கிப் போட்டேன்.
கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.
மூலை பாதி வழவழப்பு, பாதி அப்படியே.

அலமாரியும் கூரையும் பழைய சாமான் லாரியில் போயின.
நாற்காலியைக் குணாளன் உள்ளே இழுத்துப் போட்டார்,
கால் இல்லாத மூலையைச் சுவரோரம் தள்ளி.
உட்காரும்போது எந்தப் பக்கம் சாயக்கூடாதென்று
எங்கள் இருவருக்கும் தெரியும்.

விருந்தாளிகளுக்குத் தருவதில்லை.